கவிழ்க்காத வட்டில்

"ஆதிச்சநல்லூர் ஒண்ணு" என்று நான் கேட்டதும் கண்டக்டர் டிக்கெட்டைக் கிழிக்காமல் என்னை ஒரு தடவை மேலும் கீழும் பார்த்தார்.

"ஊருக்குள்ளயாம்மா, பரம்பு மேட்டுலயா?"

"பரம்புல."

"அங்கன யாரு இருக்கா உங்களுக்கு?"

"எங்க வீட்டுக்காரரு" என்றேன். யோசித்துச் சொன்னதல்ல. பதினோரு வருடமாக யார் எதைக் கேட்டாலும் என் வாயில் முதலில் வருவது அதுதான். கண்டக்டர் சிரித்துவிட்டார். "பரம்புல இருக்கிற ஒருத்தனும் எந்திரிச்சு வந்து எங்கிட்ட டிக்கெட் வாங்குனதில்லயே தாயி. எல்லாவனும் தாழிக்குள்ளல்லா குத்தவச்சிருக்கான்." பின்சீட்டில் வாழைத்தாரை மடியில் வைத்துக்கொண்டிருந்த இரண்டு பேர் சேர்ந்து சிரித்தார்கள். எனக்குப் பொசுக்கென்று கோபம் வந்தது. "ஏறுனவங்களுக்கு டிக்கெட்டக் குடுங்க. ஏறாதவன் கதை உங்களுக்கு எதுக்கு?" என்று கேட்டேன். அவர் வாயை மூடிக்கொண்டு கிழித்துக் கொடுத்தார். இந்த அமலோற்பவத்தின் நாக்கு எங்கள் தெருவுக்கு மட்டும்தான் பழக்கம். திருநெல்வேலி பஸ்ஸுக்குப் புதுசு.

அது எனக்கு அன்றைக்கு இரண்டாவது பஸ். விடியக்காலையில் தூத்துக்குடியில் ஏறி ஸ்ரீவைகுண்டத்தில் இறங்கி, ஆற்றுப் பாலத்தை நடந்தே கடந்து, புதுக்குடியில் நின்று இதைப் பிடித்திருந்தேன். பொங்கல் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. ஆற்றில் தண்ணீர் கரை தொட்டு ஓடியது. இரண்டு பக்கமும் வாழையும் நெல்லுமாக ஒரே பச்சை. உப்பளத்து வெள்ளையையும் கடற்கரை மணலையும் பார்த்தே வளர்ந்த எனக்கு அந்தப் பச்சை கண்ணைக் கூசியது. ஏரலுக்குப் போய்க் கல்யாணப் பாத்திரம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று மகளிடம் பொய் சொல்லிவிட்டுக் கிளம்பியிருந்தேன். சாயங்காலம் மாதா கோயில் மணி அடிப்பதற்குள் ஊர் திரும்பி, பங்குச் சாமியாரிடம் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். என்ன பதில் என்றுதான் தெரியவில்லை.

என் புருஷன் கஸ்பார் மிராந்தா கொழும்புத் தோணியில் போனவர். அறுபத்து நாலு டிசம்பரில் கூரை ஓடும் வெங்காயமும் ஏற்றிக்கொண்டு ஒன்பது பேரோடு அந்தத் தோணி கிளம்பியது. கிறிஸ்துமசுக்குள் கரையில் நிற்பேன், ஆக்னஸுக்குக் கொழும்பிலிருந்து சப்பாத்து வாங்கி வருவேன் என்று கால் அளவுக்கு ஒரு நூலை முடிச்சுப் போட்டு எடுத்துக்கொண்டு போனார். அவளுக்கு அப்போது எட்டு வயது. தனுஷ்கோடியைத் தின்றுவிட்டுப் போன புயல் இடையில் வந்தது. ஒரு பலகை, ஒரு பாய்த்துணிகூடக் கரைக்கு வரவில்லை. மூன்று மாதம் பார்த்துவிட்டு மற்ற எட்டு வீட்டுக்காரர்களும் ஆளில்லாத தூம்பா என்கிற சவப்பெட்டியைக் கோயிலில் வைத்து, கறுப்புத் துணி போர்த்தி, பூசை வைத்து அழுது தீர்த்தார்கள். "ஆளைக் காட்டுங்க, நானும் அழுவேன்" என்று சொல்லிவிட்டு நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு கொழும்பு மீன் கடையில் பார்த்தேன் என்று ஒருவன் சொன்னான். மாலத்தீவுக்காரன் ஒரு தோணி ஆட்களைத் தூக்கிப்போனான் என்று இன்னொருவன் சொன்னான். நாகப்பட்டினத்து ஆஸ்பத்திரியில் பேர் ஊர் மறந்துபோன ஒரு ஆள் படுத்திருக்கிறான் என்றார்கள். ஓடினேன். அவன் ஒரு தெலுங்கன். என்னைப் பார்த்து அவன்தான் அழுதான்.

எங்கள் கடற்கரையில் வீட்டு ஆள் கடலில் இருக்கும்போது பாத்திரத்தைக் கவிழ்த்து வைக்கமாட்டோம். வீட்டில் சட்டி கவிழ்ந்தால் அங்கே தோணி கவிழும் என்பார்கள். ஆள் வந்து வாசலில் கால் வைத்த பிறகுதான் கழுவினதைக் கவிழ்க்கலாம். மற்ற வீடுகளில் இது பத்து நாள், பதினைந்து நாள் சமாசாரம். என் வீட்டில் பதினோரு வருடம். குசினியில் சட்டி, பானை, அகப்பை எல்லாம் வாயை மேலே வைத்துக்கொண்டு கிடக்கும். பல்லி விழும், கரப்பான் விழும், எடுத்துப் போட்டுவிட்டு மறுபடி கழுவுவேன். அவர் சோறு சாப்பிடும் வட்டில், விளிம்பில் நீலக்கோடு ஓடிய எனாமல் வட்டில். தினமும் ராத்திரி அதையும் கழுவி அலமாரியில் நிமிர்த்து வைப்பேன். தெருவில் எனக்குக் கோட்டி பிடித்துவிட்டது என்று பேச்சு. பேசட்டும். அதைக் கவிழ்த்தால் என் கையாலேயே அவரைத் தண்ணீருக்குள் அமுக்கின மாதிரி இருக்கும் எனக்கு. இதை யாரிடம் போய் விளக்க?

இப்போது ஆக்னஸுக்குப் பத்தொன்பது. மாப்பிள்ளை ரோச் நல்ல பையன். கப்பலில் வேலை கிடைத்துவிட்டது, பிப்ரவரி கடைசியில் பம்பாய்க்குப் போய் ஏறவேண்டும். ஏறினால் இரண்டு வருடம் கழித்துத்தான் ஊர். அதற்குள் கல்யாணம் முடியவேண்டுமென்றால் நாளை ஞாயிற்றுக்கிழமையிலிருந்து மூன்று வாரம் பூசையில் ஓலை வாசிக்க வேண்டும். இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம், தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று சாமியார் சபைக்கு முன்னால் படிப்பதுதான் ஓலை. எழுதிக் கொடுக்கப் போனபோது அவர் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "தகப்பன் பேருக்கு முன்னால காலஞ்சென்றனு போடவா, வேண்டாமா? ரெண்டுல ஒண்ணு நீதான் சொல்லணும் அமலோற்பவம். நானாப் போடமாட்டேன். சனிக்கிழம சாயங்கால மணிக்குள்ள சொல்லிரு." மாப்பிள்ளையின் தாய் பிலோமினா அவ்வளவு நயமாகப் பேசவில்லை. "இருக்காருன்னா இருக்காருனு சொல்லுங்க மைனி, இல்லன்னா இல்லனு சொல்லுங்க. எங்களயும் நடுக்கடல்ல நிறுத்தி வச்சிராதீங்க" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுப் போனாள். ஆக்னஸ் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், எனக்கும் வசதியாக இருந்திருக்கும். அவள் பாட்டுக்கு என் சட்டிகளைச் சுவரில் சாய்த்துச் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தாள்.

ஆதிச்சநல்லூரைப் பற்றிக் கஸ்பார் கல்யாணமான புதிதில் ஒரு தடவை சொல்லியிருக்கிறார். மணப்பாடு திருவிழாவுக்குப் போய்விட்டுக் கூட்டாளிகளோடு திருநெல்வேலிக்குப் போகிற வழியில் பஸ் டயர் வெடித்து, சும்மா நிற்பானேன் என்று பரம்பில் ஏறியிருக்கிறார்கள். "ஏளா, கண்ணுக்கெட்டுன தூரம் மண்ணுக்குள்ள பான. பானைக்குள்ள ஆளு. எந்தக் காலத்து ஆளுகளோ! எனக்கு உடம்பே புல்லரிச்சுப் போச்சு. ஒனக்கும் ஒருநாள் காட்டுதேன்" என்றார். "புதுப் பொண்டாட்டிய யாராவது சவத்தப் பாக்கக் கூட்டிட்டுப் போவாகளா?" என்று நான் கேலி செய்ததில் அவர் முகம் தொங்கிப் போய்விட்டது. பிறகு அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அவர் இருக்கலாம் என்று யார் யாரோ சொன்ன இடங்களில் போக முடிந்ததற்கெல்லாம் நான் போயாகிவிட்டது. அவரே கூட்டிப்போகிறேன் என்று சொன்ன ஒரு இடத்துக்கு மட்டும் போகவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி தூக்கம் வராமல் புரண்டபோது இதுதான் தோன்றியது. இதில் என்ன அர்த்தம் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. போகாவிட்டால் பதில் வராது என்று மட்டும் தெரிந்தது.

பஸ் என்னை இறக்கிவிட்டுப் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனது. துருப்பிடித்த அரசாங்கப் பலகை ஒன்று நின்றது. கல்லறைத் தோட்டம் என்றால் சுற்றுச்சுவர் இருக்கும், கேட் இருக்கும், பேர் வெட்டின கல் இருக்கும், ஆள் வைத்த பானையெல்லாம் வெளியே வரிசையாகத் தெரியும் என்று நான் நினைத்து வந்திருந்தேன். இங்கே மேடாக ஒரு மொட்டைச் சிவப்புத் தரை. சரளைக்கல், அங்கொன்றும் இங்கொன்றுமாக முள் உடைமரம், தூரத்தில் பத்து இருபது பனை. அவ்வளவுதான். இதற்கா ரெண்டு பஸ் மாறி வந்தேன் என்று எரிச்சலாக இருந்தது. மனுஷனுக்கு எப்போதும் பேச்சுதான் பெரிசு என்று அவரை ஏசிக்கொண்டே ஏறினேன். காலுக்குக் கீழே ஓட்டுச் சில்லுகள் நொறுங்கின. கறுப்பு, சிவப்பு, சிலது உள்ளே கறுப்பும் வெளியே சிவப்பும். ஒரு காலத்தில் இங்கே சூளை இருந்திருக்கும் என்று நினைத்தேன். வெயில் ஏறிவிட்டது. தண்ணீர் கொண்டுவரவில்லை. கைப்பையில் இருந்தது ஒரு செபமாலையும், லேஞ்சித் துணியில் சுற்றின ஒரு மெழுகுவர்த்தியும்தான்.

நெஞ்சு வறண்டு வந்தபோது அந்த உறையைப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் மணலில் கிணறு தோண்டினால் சரிந்துவிடும் என்று சுட்ட மண் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக இறக்குவோம். வீட்டுக்கு வீடு உறைக்கிணறுதான். அதே மாதிரி வட்டமாக, கை தண்டிக்குத் தடித்த ஒரு விளிம்பு தரையோடு தரையாகத் தெரிந்தது. தூர்ந்துபோன கிணறு, தோண்டினால் ஊற்று இருக்கும் என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை. முழங்கால் போட்டு உட்கார்ந்து கையை உள்ளே விட்டேன். ஈரம் தட்டவில்லை. மண் மாவு மாதிரி பொலபொலவென்று இருந்தது. முழங்கை வரைக்கும் விட்டுத் துழாவினேன். சின்னதாக வழவழவென்று ஒரு கிண்ணம் விரலில் பட்டது. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று பட்டது. கிண்ணமும் இல்லை, கல்லும் இல்லை.

"எக்கா, தண்ணி எறைக்கப் போறீகளா? அது வத்திப்போயி ஆயிரக்கணக்கான வருசமாச்சு!"

என் வயதுப் பெண் ஒருத்தி உடைமரத்து நிழலில் நின்று சிரித்தாள். தலையில் சும்மாடு, கையில் தொரட்டி, சுற்றிலும் ஆடுகள். சந்தனமாரி என்று பிறகு பேர் சொன்னாள். பக்கத்து ஊர்க்காரி.

"கெணறு இல்லயா இது?"

"தாழிக்கா. ஆளு இருக்கிற தாழி. மழ பெஞ்சு மண்ணு கரஞ்சா ஒவ்வொண்ணா வாயத் தொறக்கும். போன மாசம் பெஞ்ச மழையில தொறந்தது இது."

கையை வெடுக்கென்று உருவிச் சேலையில் துடைத்தேன். துடைத்த பிறகு வெட்கமாகப் போய்விட்டது. படுத்திருக்கிற ஒருத்தரின் வீட்டுக்குள் கேட்காமல் கையை விட்டுவிட்டு, அழுக்கைத் தொட்ட மாதிரி வேறு துடைக்கிறேனே. தப்புக்குச் சிலுவை போட்டுக்கொண்டேன். சந்தனமாரி தன் தூக்குச்சட்டியிலிருந்து நீராகாரம் ஊற்றித் தந்தாள். வாங்கி மடக் மடக்கென்று குடித்துவிட்டு, "இந்த மாதிரி எத்தன இருக்கு?" என்று கேட்டேன்.

"எத்தனன்னா? நீங்க ரோட்டுலேர்ந்து நடந்து வந்தது பூரா அவுக தலமேலதான்."

திரும்பிப் பார்த்தேன். அதுவரைக்கும் என் கண்ணில் படாதது அப்போதுதான் பட்டது. நான் வந்த வழியெல்லாம் வட்டம். பாதி வட்டம், கால் வட்டம், விளிம்பு மட்டும் கீறின மாதிரி ஒன்று, உடைந்து உள்ளே சரிந்த ஒன்று. உடைமரத்தின் வேர் இரண்டு வட்டத்துக்கு நடுவில் இறங்கியிருந்தது. அந்தப் பக்கம் பனை வரைக்கும், இந்தப் பக்கம் சரிவு வரைக்கும், ஒரு வட்டத்தை விட்டு அடுத்த வட்டம், ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு. தெரிந்த பிறகு கண் அதைத் தவிர வேறொன்றையும் பார்க்க மாட்டேன் என்றது. எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? அதைப்போல எத்தனை ஊர் வேண்டும் இதை நிரப்ப? எத்தனை பாட்டன் பூட்டன்? நான் ஒருத்தரைத் தேடி வந்தவள். அம்மாடி, இங்கே ஒரு உலகமே இறங்கி உட்கார்ந்திருக்கிறது! எனக்கும் உடம்பு புல்லரித்துப் போயிற்று. அவர் சொன்னது பொய்யில்லை, பெரிய பேச்சில்லை. கேலி பண்ணியிருக்கக் கூடாது நான். அந்த வெயிலில் அப்படியே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டேன். கால் பொரிந்தது. பரவாயில்லை.

சந்தனமாரி அதைப் பார்த்துவிட்டுத் தன் சும்மாட்டைப் பிரித்துத் தரையில் விரித்தாள். நிழலுக்கு வந்து உட்காரச் சொன்னாள். தாழிக்குள் ஏன் வைத்தார்கள் என்று கேட்டேன்.

"அந்தக் காலத்துல ஆளுக லேசுல சாகமாட்டாகளாம்க்கா. எங்க ஊருல சொல்லுவாக. வயசாக ஆகச் சுருங்கிக்கிட்டே போவாகளாம். மொத நடமாட்டம் நிக்கும், பெறவு பேச்சு நிக்கும். கைக்கொழந்த தண்டிக்கு ஆயிருவாகளாம். ஆனா உசுரு மட்டும் போகாதாம். வெளக்கு மாடத்துல தூக்கி வச்சிருவாகளாம். வீட்டு ஆளுக பொழப்பப் பாக்கணும்லா? பெறவு ஒருநாள் தாழிக்குள்ள உக்கார வச்சு, சோறு தண்ணியும் வச்சு, மண்ணுக்குள்ள எறக்கிருவாகளாம்."

"உசுரோடயா?"

"உசுருனு சொன்னா உசுரு. இல்லன்னு சொன்னா இல்ல."

ஆடு ஒன்று தாழியின் விளிம்பில் முன்காலை வைத்து உடைங்காயை எட்டிக்கொண்டிருந்தது. அவள் சும்மா கதையாகத்தான் சொன்னாள். எனக்கு அது கதையாக இல்லை. ஏனென்றால் என் வீட்டிலும் அப்படித்தான் நடந்துகொண்டிருந்தது. முதல் இரண்டு மூன்று வருடம் கஸ்பார் வீடு முழுக்க இருந்தார். படியேறும் சத்தம், இருமல், பீடி வாசனை, எல்லாம் அப்படியே. பிறகு நடை மறந்துபோயிற்று. பிறகு குரல் போயிற்று. அவர் 'ஏளா' என்று கூப்பிட்டது ஞாபகம் இருக்கிறது, எந்தக் குரலில் என்று கேட்டால் தெரியாது. இடது கன்னத்திலா வலது கன்னத்திலா அந்த மரு என்று போன கிறிஸ்துமசுக்கு ஆக்னஸ் கேட்டபோது என்னால் சொல்ல முடியவில்லை. குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். சுருங்கிச் சுருங்கி இப்போது அவர் ஒரு எனாமல் வட்டில் அளவுக்கு ஆகிவிட்டார். அலமாரியில் தூக்கி வைத்திருக்கிறேன். உசுரு மட்டும் போகவில்லை. போகவிடாமல் பிடித்து வைத்திருக்கிறவள் நான்தான்.

"எறக்கலாம்னு யாரு சொல்லுவா? அத யாராவது ஒருத்தர் வாயத் தொறந்து சொல்லணும்லா?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன தெரியும்க்கா? நான் என்ன கூட நின்னா பாத்தேன்?" என்று சிரித்தவள், என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினாள். "உடையாம ஒண்ணு இருக்கு. பாக்கீகளா?" என்றாள்.

சரிவில் மழைத்தண்ணீர் அறுத்துக்கொண்டு போன ஓடை ஒன்று இருந்தது. பிடித்துப் பிடித்து இறங்கினோம். ஓடையின் சுவரில், மண்ணுக்குள் பாதியும் வெளியில் பாதியுமாக ஒரு தாழி நின்றது. என் இடுப்புக்கு மேல் உயரம். ஒரு சிறு வெடிப்பு தவிர முழுசு. வனைந்தவரின் விரல் வரிசை கழுத்தைச் சுற்றி அச்சு அச்சாகப் பதிந்திருந்தது. கட்டை விரல் பதிந்த இடத்தில் என் கட்டை விரலை வைத்துப் பார்த்தேன், சரியாகப் பொருந்தியது. பெண்ணின் விரலாகத்தான் இருக்கும் என்று தோன்றியது. வெடிப்பு வழியாக உள்ளே ஒரே இருட்டு. அந்த இருட்டு எத்தனை வருடத்து இருட்டு! பிறகுதான் அண்ணாந்து தாழியின் வாயைப் பார்த்தேன். அதன்மேல் ஒரு பெரிய சட்டியைக் கவிழ்த்து மூடியிருந்தார்கள்.

எனக்குப் பகீர் என்றது. கவிழ்த்த பாத்திரத்தைப் பார்த்துப் பதினோரு வருடம் ஆகிறது. அடுத்தவர் வீட்டுக் குசினிக்குள்கூட நான் போவதில்லை. நான் பின்னால் நகர்ந்ததைப் பார்த்து அவள், "என்னக்கா?" என்றாள். தோணியையும் புயலையும் சட்டி கவிழ்க்காத வழக்கத்தையும் மகளின் ஓலையையும் அவளிடம் கொட்டிவிட்டேன். முன்பின் தெரியாதவளிடம் சொல்வது எவ்வளவு லேசாக இருக்கிறது! எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சந்தனமாரி மோவாயில் கை வைத்தாள்.

"அப்பம் பதினோரு வருசமாக் கழுவுன சட்டிய எப்படித்தான் காய வைக்கீக?"

"செவத்துல சாச்சு."

"தண்ணி அடியில தங்குமேக்கா."

"தங்கும்."

இரண்டு பேரும் சிரித்துவிட்டோம். சிரித்துக்கொண்டே இருக்கும்போது எனக்கு அழுகை வந்தது. அவள் தொரட்டியை ஊன்றிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தபடி நின்றாள். நான் அழுது முடித்து நிமிர்ந்தபோதும் அந்தச் சட்டி அப்படியேதான் கவிழ்ந்திருந்தது. மேலே எத்தனை மழை, எத்தனை பேர் நடை, எத்தனை ராஜா வந்து போயிருப்பான். யாரோ ஒருத்தி சோற்றையும் தண்ணீரையும் உள்ளே வைத்துவிட்டு, இரண்டு கையாலும் பிடித்து, ஆடாமல் அசையாமல் பார்த்துக் கவிழ்த்திருக்கிறாள். உள்ளே இருப்பவர்மேல் ஒரு பொட்டு மண் விழவிடாமல் அது இன்னும் தாங்கிக்கொண்டிருந்தது. கவிழ்ப்பது என்றால் அமுக்குவது என்று மட்டும்தான் இத்தனை நாள் எனக்குத் தெரியும்.

மெழுகுவர்த்தியை மூன்று தடவை கொளுத்தினேன். காற்று மூன்று தடவையும் அணைத்துவிட்டது. சரி போ என்று அதைத் தாழியின் அடியில் படுக்க வைத்துவிட்டுச் செபமாலையை எடுத்தேன். மரித்தவர்களுக்கான செபத்தை நான் சொல்லிப் பதினோரு வருடம். கல்லறைத் திருநாளன்று ஊரே பூவும் மெழுகுவர்த்தியுமாகத் தோட்டத்துக்குப் போகும்போது நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருப்பேன். இவர்கள் ஞானஸ்நானம் வாங்காதவர்கள், சொல்லலாமா என்று ஒரு யோசனை வந்தது. கேட்க இங்கே சாமியாரா இருக்கிறார்? சொன்னேன். வரி மறக்கவில்லை. செபத்தின் நடுவில் இறந்தவர் பேரைச் சொல்லவேண்டிய இடம் வந்தது. நின்றுவிட்டேன். இத்தனை ஆயிரம் பேரில் ஒருத்தர் பேர்கூட எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்த பேர் ஒன்றே ஒன்று.

"எக்கா, மூணு மணி பஸ்ஸ விட்டா பெறவு இருட்டிரும்" என்று மேலேயிருந்து சந்தனமாரி கத்தினாள்.

திரும்பும்போது அதே கண்டக்டர். என்னைக் கண்டதும் தயங்கினார். நான் வெயிலில் வெந்து, சேலையெல்லாம் செம்மண்ணாக, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறினேன். அவர் இந்தத் தடவை சிரிக்கவில்லை. "வீட்டுக்காரரப் பாத்தாச்சா தாயி?" என்று மெதுவாகத்தான் கேட்டார். நான் தலையாட்டினேன். "எத்தன டிக்கெட்?"

"ஒண்ணு" என்றேன். சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

வீடு வந்து சேரும்போது மணி அடிக்கக் கால் மணி நேரம் இருந்திருக்கும். தெருவில் கடல் காற்று எழும்பிவிட்டது. ஆக்னஸ் வாசலிலேயே நின்றாள். "பாத்திரம் எங்கம்மா?" என்றாள். "எல்லாம் மண்பானையால்ல இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு அவளைத் தாண்டிக் குசினிக்குள் போனேன். கால் செம்மண்ணைக்கூடக் கழுவவில்லை. அலமாரியைத் திறந்து வட்டிலை எடுத்தேன். சுத்தமாகத்தான் இருந்தது, நேற்று ராத்திரி கழுவினது. ஆனாலும் சாம்பல் போட்டு, தேங்காய் நாரால் உள்ளும் புறமும் தேய்த்து, நீலக்கோட்டை ஒரு சுற்றுத் தேய்த்து, மூன்று தண்ணீர் ஊற்றி அலசினேன். பானையில் மதியத்துச் சோறு இருந்தது. ஒரு பிடி எடுத்து வட்டிலில் வைத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு அந்தப் பிடியை வெளியே எடுத்துப்போய்ச் சுவர்மேல் காக்கைக்கு வைத்துவிட்டு வந்து, வட்டிலை மறுபடி கழுவினேன். ஆக்னஸ் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு மூச்சு வாங்கும் சத்தம் எனக்குக் கேட்டது. நான் அவளைப் பார்க்கவில்லை. பார்த்தால் இதை முடிக்கமாட்டேன்.

இரண்டு கையாலும் பிடித்து, ஆடாமல் அசையாமல் பார்த்து, கஸ்பாரின் வட்டிலைக் குசினித் தரையில் கவிழ்த்தேன். கோயில் மணி அடிக்க ஆரம்பித்தது. சாமியாரிடம் போகவேண்டும். வட்டிலிலிருந்து கையை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். ஆக்னஸ் மெல்ல உள்ளே வந்து, சுவரில் சாய்த்திருந்த சோற்றுச் சட்டியை எடுத்து, பதினோரு வருடத்துக்குப் பிறகு, வட்டிலுக்குப் பக்கத்தில் கவிழ்த்தாள். குழம்புச் சட்டியைக் கவிழ்த்தாள். ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கவிழ்த்துக்கொண்டே போனாள். மணி ஓயவில்லை. வட்டிலின் விளிம்பிலிருந்து இறங்கிய தண்ணீர், சிவப்புச் சிமெண்டுத் தரையில் அதைச் சுற்றி ஒரு வட்டமாகப் பரவிக்கொண்டிருந்தது.